64 எட்டு, 5 நிலைப்படி: வயசானவகளுக்காக வீட்ட மாத்துன அனுபவம் இருந்தா சொல்லுங்க

கானாடுகாத்தான் பேத்தி:

எங்க அப்பத்தாவுக்கு 82 வயசு. காரைக்குடி பக்கம் கானாடுகாத்தான்ல பெரிய செட்டிநாட்டு வீட்டுல தனியாத்தான் இருக்காக, சமையல் அக்கா மட்டும் விடியக்காலைல வந்து பொழுது சாஞ்சு போவாக. போன மார்கழில ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிச்சு ரெண்டாங்கட்டு (ரெண்டாவது முற்றத்துப் பக்கம்) நிலைப்படில கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. அக்கா வர்ற வரைக்கும் அங்கனயே கெடந்திருக்காக. அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்கும்.

ஆபரேஷன் முடிஞ்சு வாக்கரோட கூட்டிட்டு வந்த அன்னிக்குத்தான் அந்த வீட்ட நான் ஒழுங்கா பாத்தேன். அதுவரைக்கும் பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடித் தரைக்கல்லு, பொங்கலுக்கு போனா நாலு போட்டோ, அவ்வளவுதான். அன்னிக்கு எண்ணுனேன். அப்பத்தா அறைலேர்ந்து பின்கட்டு கக்கூஸ் வரைக்கும் 5 நிலைப்படி, 7 படி, 64 எட்டு நடை. கட்டுன காலத்துல இது தப்பே இல்ல, முப்பது நாப்பது பேரு பொழங்குன வீடு, ஏத்தான்னு ஒரு சத்தம் குடுத்தா நாலு கை வந்து தூக்கிவிடும். இப்ப வீடு அப்பிடியே இருக்கு, கைதான் இல்ல.

எல்லாரும் சென்னைக்கு கூட்டிட்டு போயிருங்கன்னாக. அப்பத்தா முடியவே முடியாதுன்னுட்டாக. சரின்னு நான் லேப்டாப்ப தூக்கிட்டு மூணு மாசம் அங்கயே உக்காந்துட்டேன்.

மொத மொத பண்ணுனது எல்லாமே சொதப்பல். ஆன்லைன்ல சுவத்துல ஒட்டுற கைப்பிடி வாங்குனேன், ரெண்டாம் நாளே கையோட வந்துருச்சு, நல்லவேளை அப்ப நான்தான் பிடிச்சுப் பாத்தேன். டிரில் போட ஆள கூப்புட்டா, பழைய சுண்ணாம்புப் பூச்சு, முட்ட வெள்ளைக்கருவும் கடுக்காயும் போட்டு கண்ணாடி மாதிரி தேச்சது, டிரில் முனை பட்டதும் தட்டு தட்டா பேந்துருச்சு. அப்புறம் ஊரு ஆசாரி ஒருத்தர் வந்து பாத்துட்டு, செவுத்த ஏன் ஆத்தா தொடுறீக, முற்றத்த சுத்தி தூணு நிக்குதே, தூணுக்கு தூணு கம்பு குடுத்து பட்டை போட்டு இறுக்கிருவோம்னாரு. ஒரு ஆணி அடிக்கல. கம்புக்கு புது மரம் வாங்கல, காரைக்குடில பழைய சாமான் கடைல இடிச்ச வீட்டு தேக்கு கெடச்சுச்சு. ஆனா மனுசன் ஆசைல மூணு இஞ்ச் கனத்துல பூ வேலையெல்லாம் போட்டு கொண்டாந்துட்டாரு, அப்பத்தாவுக்கு முடக்குவாதம், விரலு மடங்கி பிடிக்க முடியல. மறுபடி செதுக்கி ஒன்றரை இஞ்ச் உருட்டா ஆக்குனதும்தான் கை நின்னுச்சு. பூவு போனதுல அவருக்கு இன்னும் வருத்தம்.

நிலைப்படிய அறுக்கலாம்னு வாயெடுத்தேன், வீடே என்னய மொறச்சுச்சு, லெச்சுமி குடியிருக்குற எடமாம். மரத்துல எடுத்து மாட்டுற மாதிரி சாய்வு பண்ணுனோம். படி உசரம் 5 இஞ்ச், நான் அறிவாளித்தனமா ரெண்டடி நீளம் போதும்னு சொல்லி வீல்சேர் பின்னால உருண்டு சமையல் அக்கா கால் மேல ஏறிருச்சு. கணக்கு என்னன்னா ஒரு இஞ்ச் உசரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும், அரசாங்க வழிகாட்டிலயும் 1க்கு 12னுதான் போட்டிருக்காக. அப்ப 5 இஞ்ச்சுக்கு அஞ்சடி, ரெண்டு பக்கமும். விசேஷம்னா கழட்டி வச்சிரலாம்.

எல்லாத்தையும் விட பெரிய மாத்தம், அப்பத்தா அறைக்கு அடுத்த அறை சும்மா பாத்திரம் அடைஞ்சு கெடந்தத வெஸ்டர்ன் டாய்லெட்டா மாத்துனது. 64 எட்டு 9 ஆயிருச்சு. கதவு வெளிப்பக்கமா தெறக்குற மாதிரி போட்டோம், உள்ள விழுந்துட்டா ஆளே கதவ அடைச்சுக்கிட்டு கெடப்பாக, உள்பக்கம் தெறக்குற கதவ தள்ளவும் முடியாது. இத எனக்கு யாருமே சொல்லல, ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கயில தானா தோணுச்சு.

தோத்தது ஒன்னு. முகப்புல 4 கருங்கல் படி, 28 இஞ்ச். அதுக்கு 28 அடி சாய்வு போட்டா தெருவுக்கு போயிரும். பின்வாசல் தரையோட தரையா இருக்கு, வண்டி மாடு வந்த வழி. அப்பிடி தள்ளிட்டு போகலாம்னா அப்பத்தா, “நான் இந்த வீட்டுக்கு முகப்பு வழியா வாக்கப்பட்டு வந்தவ, வேலக்காரக வர்ற வழியா என்னய தள்ளிக்கிட்டு போறியா”ன்னு ஒரே பிடி. ஆசுபத்திரிக்கு போக மட்டும் நாலு பேரு தூக்குறோம். இதுக்கு யாராச்சும் வழி கண்டுபிடிச்சிருந்தா சொல்லுங்க.

தேவகோட்டைக்காரன்:

அடுத்த அறைய மாத்துனோம்னு ஒரு வரில முடிச்சுட்டீகளே ஆச்சி, குடுத்து வச்சவுக நீங்க. எங்க வீட்டுக்கு 14 பங்காளி. எங்கம்மாவுக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க வாட்ஸ்அப் குரூப்ல 7 மாசம் பஞ்சாயத்து. ஒருத்தர் மலேசியாலேர்ந்து வாஸ்து பேசுறாரு, ஒருத்தர் சாமி வீட்டுக்கு எதுத்தாப்புல கக்கூஸான்னு கேக்குறாரு, ஒருத்தர் வெறும் கும்பிடு எமோஜி மட்டும் போடுவாரு, அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கடைசில வீட்டுக்குள்ள வேணாம்னு தோட்டத்துப் பக்கம் தாழ்வாரத்துல தகரம் அடிச்சு வச்சோம். மழைல நனைஞ்சுக்கிட்டு போறாக. 7 மாசத்துல யாருமே எங்கம்மாட்ட உனக்கு எங்க வேணும்னு கேக்கல, நானும்தான்.

பிசியோ தம்பி:

நான் வீடு வீடா போயி பயிற்சி குடுக்குற ஆளு, காரைக்குடி சுத்துவட்டாரம். கைப்பிடி, சாய்வு எல்லாம் சரி, வெளிச்சத்த யாரும் சொல்லலயே. 20 வயசுல விழித்திரைக்கு போயி சேர்ற வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குதான் 60 வயசுல போகும். நம்ம பழைய வீட்டுல முற்றத்துல பளீர்னு வெயிலு, ரெண்டு எட்டு வச்சு அறைக்குள்ள போனா கும்மிருட்டு. நமக்கே கண்ணு கட்டும், கண்புரை இருக்குறவுகளுக்கு என்ன ஆகும்? விழுறது முக்காவாசி அந்த எடத்துலதான், நான் பாத்த வரைக்கும்.

அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழவழப்பு கண்ணாடி மேல வச்சு வாக்குறதால வர்றது, காஞ்சு கெடந்தா பிரச்சனை இல்ல, எண்ணெ தேச்சுக்கிட்டு ஈரக்காலோட வந்தா அவ்வளவுதான். அதுக்காக பேத்துட்டு பளபளன்னு கடை டைல்ஸ் போடாதீங்க, அது இதுக்கு மேல வழுக்கும். குளிக்கிற எடத்துல மட்டும் கொத்துன கருங்கல் போதும். இன்னொன்னு, ஞாபகமறதி இருக்குற ஒரு ஐயா, அறுபது வருஷமா பொழங்குன வளவுல (முற்றத்த சுத்துன கூடம்) தரைல கருப்புக் கட்டம் வந்தா காலே வைக்க மாட்டாரு, ஓரமா செவுத்த ஒட்டி போவாரு. மகன் பிடிவாதம்னு திட்டுறாரு. பிடிவாதம் இல்ல, அவரு கண்ணுக்கு அது பள்ளம். ஞாபகமறதி நோய் வந்தவங்கள்ல சில பேருக்கு அடர்த்தியான நிறம் அப்பிடித் தெரியும்.

இதுக்கு எதுத்த மாதிரி ஒன்னும் பாத்தேன். ஒரு ஆயா படி விளிம்பு தெரியலன்னு அவுகளே மாவக் கரைச்சு ஒவ்வொரு படி ஓரத்துலயும் வெள்ளப் பட்டை இழுத்து, கீழ காவி அடிச்சு வச்சிருந்தாக. நாங்க படிப்புல படி விளிம்புக்கு வேற நிறம் குடுக்கணும்னு படிச்சதுதான். என்னத்த படிச்சன்னு கேட்டு சிரிச்சாக.

அடுப்படிக்காரி மக:

கானாடுகாத்தான் அக்கா, உங்க அப்பத்தா சொன்னத படிச்சதும் சுருக்குன்னுச்சு. கோவமா எழுதி அழிச்சுட்டு மறுபடி எழுதுறேன். எங்கம்மா 31 வருஷமா ஒரு வீட்டுல சமையல், அந்தப் பின்வாசல் வழியாத்தான் போயி வர்றாங்க. ஒன்னும் ஆகிப்போகல.

சண்டைக்கு சொல்லல. அந்த வீட்டு ஆச்சிக்கு 79, எங்கம்மாவுக்கு 66. ஆச்சிக்காக கட்டில் உசத்துனாங்க, நாற்காலி வந்துச்சு, பெல்லு வச்சாங்க, எல்லாம் நல்லதுதான், ஆச்சியும் தங்கமான ஆளு. பெல்லு அடிச்சா ஓடுறது யாரு? எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. பழைய அடுப்படில தரையோட அடுப்பு, அது குனிஞ்சு குனிஞ்சு. அப்புறம் இன்ஜினியர் வச்சு நவீனமா மாத்துறோம்னு 3 அடி உசரத்துல மேடை கட்டிட்டாங்க, எங்கம்மா உயரமே நாலடி பத்து. அது மேல கேஸ் அடுப்பு, அது மேல இட்லிச் சட்டி, கைய தோளுக்கு மேல தூக்கித்தான் இறக்கணும், இப்ப தோளும் போச்சு. மேடை முழங்கைக்கு நாலு இஞ்ச் கீழ இருந்தா போதும்னு இப்ப நானா தேடிப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். அளவு எடுக்க வந்தவரு ஆச்சிட்ட நிறம் கேட்டாரு, எங்கம்மாட்ட உயரம் கேக்கல.

நீங்க எல்லாரும் தனியா இருக்காக தனியா இருக்காகன்னு எழுதுறீங்க. தனியா இல்லக்கா. கூட ஒரு வயசான பொம்பள இருக்கு.

சிங்கை மருமகன்:

மேல தங்கச்சி சொன்னத ரெண்டு தடவ படிச்சேன்.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க 2012லேர்ந்து அரசாங்க அடுக்குமாடி வீடுகள்ல பெரியவங்க இருந்தா, கைப்பிடி, குளியலறைத் தரைல வழுக்காத பூச்சு, சின்ன சாய்வு எல்லாம் அரசாங்கமே 95 சதவீதம் வரைக்கும் செலவ ஏத்துக்கிட்டு போட்டுத் தருது. சிக்னல்ல பெரியவங்க அட்டையத் தட்டுனா பச்சை விளக்கு சில நொடி கூடுதலா எரியும். அங்க தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி 60 தாண்டுனவங்க நூத்துக்கு 10 பேரு, 2031ல 18 ஆகும்னு மத்திய அரசு கணிப்பு. நம்ம ஊருல வாலிபப் புள்ளைக எல்லாம் என்னைய மாதிரி வெளிய ஓடிட்டதால, தெருவுல நின்னு பாத்தா அந்த 18 எப்பவோ தாண்டிருச்சு.

இடிச்சவன்:

பேரே சொல்லுது. 2016ல பங்கு பிரிச்சு எங்க பக்கத்த இடிச்சு மரத்தையும் தூணையும் வித்துட்டு, அப்பா அம்மாவுக்குன்னு ஒரே மட்டத்துல கான்கிரீட் வீடு கட்டுனேன். படியே இல்ல, அகலமான கதவு, பாத்ரூம் உள்ளயே. எல்லாரும் பாராட்டுனாங்க. சித்திரை வந்துச்சு. மேல தளம் பகல் பூரா சூட்ட குடிச்சு ராத்திரி பூரா கக்குது. பழைய வீட்டுல ரெண்டடி செவுரு, முற்றத்து வழியா சூடு மேல போயிரும், முன்வாசல்லேர்ந்து பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டுல காத்து, பேன் கூட தேவப்படாது. இங்க ஏசி இல்லாம முடியல, அப்பாவுக்கு ஏசி ஆகல, கரண்டு போச்சுன்னா ரெண்டு பேரும் வேப்பமரத்தடில. முன்னாடி கூரைத் தண்ணி முற்றத்துல விழுந்து அண்டாவுல புடிப்போம், மிச்சம் ஊருணிப் பக்கம் போகும், இப்ப போர்வெல்ல உப்புத்தண்ணி. ஆனா ஒன்னு சொல்றேன், 8 வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு தடவ கூட விழல. அதனால நான் பண்ணுனது தப்பா சரியான்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியல.

பள்ளத்தூர் 74:

பேசினா எழுதுற வசதியில போடுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எல்லாரும் வீட்டுக்குள்ளயே சுத்துறீக. எங்களுக்கு வெளிய போகணும் அப்பு. எனக்கு ஒரே மூச்சுல நூறு எட்டுக்கு மேல நடக்க முடியாது, நெஞ்சு அடைக்கும். முன்னயெல்லாம் அது ஒரு குறையாவே தெரியாது. எங்க வீட்டுலேர்ந்து கோயிலுக்கு மூணு தெரு, வழியெல்லாம் திண்ணை. யாரு வீட்டு திண்ணைலயும் உக்காரலாம், மோர் வரும், ஊர்க்கதை வரும், எந்திரிச்சு அடுத்த திண்ணை. இப்ப எல்லா முகப்பும் கிரில் போட்டு பூட்டு. ஆளில்லாத வீடு, திருட்டு பயம், குத்தம் சொல்லல. ஆனா உக்கார எடம் இல்லாததால ரெண்டு வருஷமா நான் கோயிலுக்கு போகல. கால் இருக்கு, திண்ணை இல்ல.

2007ல உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு ஏத்த நகரம்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு, டெல்லி, உதய்ப்பூர் பெரியவுகட்டயும் கேட்டு எழுதுனது. அதுல வழியில உக்கார எடம் வேணும்னு கொட்டை எழுத்துல இருக்கு. என் மகன் படிச்சுக் காட்டுனான். எங்க பாட்டன் கட்டி வச்சுட்டு போனதத்தான் ஊரு ஊரா கேட்டு எழுதிருக்காக.

கானாடுகாத்தான் ஆத்தா, உங்க வீட்டுலயும் முகப்புல கிரில்லா?

கானாடுகாத்தான் பேத்தி:

ஐயா, கிரில்தான். அப்பச்சி போட்டது.

அடுப்படிக்காரி மக தங்கச்சிக்கு மொதல்ல. நீ எழுதுனத படிச்சுட்டு காலைல போயி சமையல் அக்காவ அளந்தேன். அந்தச் சாய்வுல கேஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டு போறது அவுகதான்னு பெருமையா எழுதலாம்னு இருந்தேன், இப்ப அது வாய்ல வரல. அக்கா வயசு 63ங்கிறதே எனக்கு நேத்துதான் தெரியும். முழங்கை உசரம் 37 இஞ்ச், எங்க மேடை 36. ஆசாரி வியாழக்கிழமை வர்றாரு, ஒரு பக்கம் மட்டும் தணிச்சு பலகை போட முடியுமான்னு பாக்கணும்.

பின்வாசல் பேச்ச மறுபடி எடுத்தேன். அக்காவே அப்பத்தாட்ட, “நான் வர்ற வழில என்ன முள்ளா கெடக்கு”ன்னு கேட்டாக. அப்பத்தா பதில் சொல்லல, டிவி சத்தத்த கூட்டிட்டாக.

ஐயா, திண்ணைக்கு கிரில் தெறக்குறதுக்கு எனக்கு சம்மதம்தான். சாவி அப்பத்தா முந்தானைல முடிஞ்சிருக்கு. சாயங்காலம் நல்ல மனசுல இருக்கையில கேட்டுட்டு வந்து சொல்றேன்.