துணை நடிகர் பிரிவில் மட்டும் என் ஆஸ்கர் கணிப்பு ஷீட் சொதப்புகிறது. எங்கே தப்பு?

டீக்கடன்காரன்:
அலுவலகத்தில் ஆஸ்கர் கணிப்புப் போட்டி உண்டு. கடைசியாக வருபவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். 2023ல் என் பர்ஸ் காலி. அதனால் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், அமெரிக்கத் திரை நடிகர் சங்க விருது, பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டா நான்குக்கும் தலா ஒரு புள்ளி. அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஆஸ்கர். 2024, 2025 இரண்டு வருடமும் துணைப் பிரிவுகளில் எல்லாம் சரி.

பழைய வருடங்களைப் போட்டுப் பார்த்தால்தான் வம்பு. 2016ல் ஸ்டலோன் என்கிறது, வாங்கியது மார்க் ரைலன்ஸ். 2023ல் ஆஞ்சலா பாஸெட் என்கிறது, வாங்கியது ஜேமி லீ கர்ட்டிஸ். சரி என்று சங்க விருதுக்கு மட்டும் மூன்று புள்ளி கொடுத்தேன். 2023 நேரானது. ஆனால் 2016ல் இட்ரிஸ் எல்பா, 2019ல் எமிலி பிளன்ட் என்று வந்து நிற்கிறது. இருவரும் அந்தந்த வருடம் ஆஸ்கர் பரிந்துரையிலேயே இல்லை! உதவுங்கள்.

வாக்குச்சீட்டு:
முதலில் 2024, 2025 சந்தோஷத்தை ஓரமாக வையுங்கள். டாவைன் ஜாய் ராண்டால்ஃப், ராபர்ட் டௌனி ஜூனியர், ஜோயி சல்டானா, கியரன் கல்கின் நால்வருமே நான்கு விருதையும் வாரிக்கொண்டு வந்தவர்கள். அதற்கு ஷீட் எதற்கு, பேப்பர் படித்தால் போதும்.

குளோபும் கிரிட்டிக்ஸ் சாய்ஸும் பத்திரிகையாளர்கள், விமர்சகர்கள் கொடுப்பவை. சங்கத்திலும் பாஃப்டாவிலும் ஓட்டுப் போடுபவர்களில் ஒரு பகுதியினர் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியிலும் இருக்கிறார்கள். நான்கையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். அப்புறம், ஆஸ்கர் பட்டியல் வந்ததும் அதில் இல்லாதவர்களின் வரியை அழித்துவிடுங்கள். 2009ல் கேட் வின்ஸ்லெட்டுக்கு ‘தி ரீடர்’ படத்துக்காகக் குளோபும் சங்கமும் துணை நடிகை விருது கொடுத்தன. அகாடமியோ அவரை முதன்மைப் பிரிவில் வைத்தது, அங்கேயே ஜெயித்தார். துணை நடிகை விருது, பாஃப்டா வாங்கியிருந்த பெனலோப்பே குரூஸுக்குப் போனது.

டீக்கடன்காரன்:
சங்கத்துக்கும் பாஃப்டாவுக்கும் 3, மற்றதுக்கு 1 என்று வைத்தேன். ரைலன்ஸ் வந்துவிட்டார்! 2023ல் கர்ட்டிஸும் பாஃப்டா வாங்கிய கெர்ரி காண்டனும் சமம். 2019 மட்டும் இடிக்கிறது. பாஃப்டா வாங்கிய ரேச்சல் வைஸுக்கு 3, ரெஜினா கிங்குக்கு 2. வாங்கியது கிங்.

பழைய ரீல்:
கிங்குக்குச் சங்கத்திலும் பாஃப்டாவிலும் பரிந்துரையே கிடையாது. அங்கே அவர் தோற்கவில்லை, போட்டியிலேயே இல்லை. உங்கள் ஷீட் இரண்டுக்கும் ஒரே 0 போடுகிறது. பரிந்துரை இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, போட்டியிட்ட இடங்களில் எத்தனை சதவீதம் ஜெயித்தார் என்று பாருங்கள். சங்கப் பரிந்துரையைத் தீர்மானிப்பது குலுக்கலில் எடுத்த சில ஆயிரம் உறுப்பினர்கள்தான். பாஃப்டாவின் நடிப்புப் பரிந்துரைகளிலும் 2021 முதல் நடுவர் குழுவுக்குக் கை உண்டு. பெயர் விடுபடுவதற்கு ரொம்ப அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

டீக்கடன்காரன்:
கிங் வந்தார். ஆனால் ஸ்டலோனும் திரும்ப வந்துவிட்டாரே!

பழைய ரீல்:
அட, ஆமாம். இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கிங், ஸ்டலோன் இருவரும் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் வாங்கினார்கள். இருவருக்கும் சங்கம், பாஃப்டா பரிந்துரை இல்லை. இரண்டு வருடமும் சங்க விருது ஆஸ்கர் பட்டியலில் இல்லாதவருக்குப் போனது. பாஃப்டா வேறொருவருக்கு. அச்சு அசல் ஒரே வரி, முடிவு மட்டும் நேர் எதிர். இந்த நான்கு விருதை மட்டும் வைத்து எந்தச் சூத்திரம் எழுதினாலும் ஒன்றைக் கோட்டை விடுவீர்கள்.

2019ல் வைஸும் எமா ஸ்டோனும் ‘தி ஃபேவரிட்’ என்ற ஒரே படத்திலிருந்து மோதினார்கள், ஓட்டு பிரிந்திருக்கலாம். வைஸிடம் ஏற்கெனவே ஓர் ஆஸ்கரும் இருந்தது.

வாக்குச்சீட்டு:
ஓட்டுப் பிரிவதை நம்பாதீர்கள். 2023ல் கர்ட்டிஸும் ஸ்டெஃபனி சூவும் ஒரே படம், இருந்தும் கர்ட்டிஸ் ஜெயித்தார். படம் மொத்தம் 7 ஆஸ்கர் அள்ளியது, அந்த அலைதான் காண்டனைத் தாண்ட வைத்தது என்பேன். இப்படிப்பட்ட வரிக்கு மஞ்சள் நிறம் அடித்து, கையால் முடிவு எடுங்கள்.

ஒரு சந்தேகம். பிரியாணி வாங்குவது கடைசி ஆள் மட்டும்தானே?

டீக்கடன்காரன்:
ஆமாம்.

வாக்குச்சீட்டு:
அப்படியானால் மஞ்சள் வரியில் பெரும்பாலோர் யாரைச் சொல்கிறார்களோ அவரையே நீங்களும் போடுங்கள். தப்பானாலும் எல்லோரும் சேர்ந்துதான் தப்பு.