சவானா உடும்புக்கு நாலடித் தொட்டியும் எலியும் போதுமா?

ஸ்காபரோ_நிலன்
வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் டொரோண்டோவில் ஊர்வன விற்கும் சந்தை ஒன்றில் சவானா உடும்புக் குஞ்சு (ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பு) வாங்கினேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஓரடிகூட இல்லை. நாலடிக் கண்ணாடித் தொட்டி, கீழே மரப்பட்டைத் தூள், மூலையில் 100 வாட் விளக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு எலிக்குஞ்சு, இவ்வளவும் போதும் என்று விற்றவர் சொன்னார். அப்படியே செய்தேன். இப்போது அது நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. கையைக் கொண்டுபோனால் உடம்பை ஊதிக்கொண்டு சீறுகிறது. நான் எங்கே பிழை விடுகிறேன்?

ஹூஸ்டன்_ராஜன்
தம்பி, பயப்படாதீர்கள். குஞ்சுகள் பழகும்வரை ஒளிந்துதான் இருக்கும். என்னிடம் உள்ளதை 6 வருடமாக எலி கொடுத்தே வளர்க்கிறேன். எலியில் எலும்பு, ஈரல், சதை எல்லாம் சேர்ந்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக்குத் தனியாகத் தூள் தேவையில்லை. என்னுடையது மூன்றரை அடி, 5 கிலோ. ஒருநாளும் சீக்காகப் படுத்ததில்லை. இணையத்தில் எட்டடிக் கூண்டு, இரண்டடி மண் என்று எழுதுவதைப் படித்துவிட்டுக் கடன் வாங்காதீர்கள்.

லெஸ்டர்_வானதி
நிலன், முதலில் ஒரு கேள்வி. விளக்குக்கு நேர் கீழே தரையின் சூடு எத்தனை பாகை செல்சியஸ் என்று அளந்தீர்களா? தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்ட மானி வேண்டாம், அது காற்றைத்தான் சொல்லும். துப்பாக்கி மாதிரிப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு மானி வாங்குங்கள்.

ஸ்காபரோ_நிலன்
அக்கா, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி இப்போதுதான் அளந்தேன். விளக்கின் கீழ் 36 பாகை. மறுமுனையில் 22.

லெஸ்டர்_வானதி
அப்படியென்றால் உங்கள் உடும்பு பழகாமல் ஒளிந்திருக்கவில்லை, குளிரில் முடங்கிக் கிடக்கிறது. வெயில் காயும் இடத்தில் தரை 55 பாகைக்காவது சூடாக வேண்டும். 55 என்றால் வெந்துவிடாதா என்று எல்லோருமே கேட்பார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் மதிய வெயிலில் வெறுந்தரை அப்படித்தான் கொதிக்கும். உடும்பு அதில் கொஞ்ச நேரம் கிடந்து, உடம்பு 36, 37 பாகைக்கு வந்ததும் தானே இறங்கிப் போய்விடும். ஒற்றைக் குமிழ் விளக்குதான் ஆபத்து. அது முதுகில் ஒரு ரூபாய் அளவு இடத்தைச் சுட்டுவிட்டு வாலையும் காலையும் குளிரில் விட்டுவிடும். அகலமாக ஒளி பாய்ச்சும் ஹாலோஜன் விளக்குகள் இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள், தலை முதல் வால் அடி வரை ஒரே சூடாகக் கிடைக்கும். புற ஊதாக் குழல் விளக்கும் ஒன்று வேண்டும். குளிர்ந்த பக்கம் 25, 26 இருக்கட்டும்.

அடுத்தது மண். சவானா உடும்பை நான் மண்ணில் வாழும் பிராணி என்றுதான் சொல்வேன். 1990களில் டேனியல் பென்னட் கானாவில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். குஞ்சுகள் விளைநிலங்களில் வளைக்குள் இருந்தன. தின்றது பெரும்பாலும் கிரிக்கெட் பூச்சி, வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை. எலி மாதிரியான உணவு அங்கே அரிது. இந்த இனத்தில் வயது ஏற ஏறப் பின்பற்கள் மழுங்கிவிடும். நத்தை ஓட்டை நொறுக்கத்தான் அப்படி. என்னிடம் இருக்கும் பெண் உடும்பு நத்தையை வாயின் ஓரத்துக்குத் தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடிக்கும். அந்த நறுக் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். ஓட்டுத் துண்டுகளை நாக்கால் தள்ளித் துப்பிவிட்டு அடுத்ததைத் தேடும்.

ஹூஸ்டன்_ராஜன்
வானதி, காட்டில் கிடைப்பதைத் தின்கிறது, அவ்வளவுதான். எலி கிடைத்தால் அங்கேயும் விடாது. மண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 64 கன அடி. ஈர மண் இரண்டரை டன்னுக்கு மேல் வரும். அடுக்குமாடியில் இருக்கிறவன் அதை எங்கே வைப்பான்? நடக்காத ஒன்றைச் சொன்னால் பாவம், பையன் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவான்.

லெஸ்டர்_வானதி
கணக்கு சரி, அண்ணா. அதனால்தான் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை வாங்கவே கூடாது என்கிறேன். தரைத்தளத்திலோ பேஸ்மென்டிலோ இருப்பவருக்கு அந்தப் பாரம் ஒரு பொருட்டில்லை.

எலி கிடைத்தால் தின்னும் என்பது உண்மைதான். மழைக்காலத்தில் கிடைத்ததையெல்லாம் தின்று கொழுப்பாகச் சேர்த்து, வறண்ட மாதங்களில் ஏறக்குறைய பட்டினியாகக் கிடப்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. நம் வீட்டில் வறண்ட காலம் வருவதில்லை. பன்னிரண்டு மாதமும் எலி வந்துகொண்டே இருந்தால் கொழுப்பு எங்கே போகும்?

கூண்டுக்காரி
நான் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் இடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். அங்கே இறந்துபோன சவானா உடும்பு ஒன்றைத் திறந்தபோது நானும் நின்றேன். வயிற்றுக்குள் இரண்டு பக்கமும் மஞ்சள் வெண்ணெய்க் கட்டி மாதிரிக் கொழுப்பு. அதைத் தூக்கி எடுத்த பிறகுதான் குடலே தெரிந்தது. ஈரல் வெளிறி, விரல் பட்டால் குழைந்தது. அதன் சொந்தக்காரர் அழுதுகொண்டே, "நன்றாகச் சாப்பிட்டதே, நன்றாகச் சாப்பிட்டதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எலியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எலியும் குறைந்த சூடும் சேர்வதுதான் கொல்கிறது. 36 பாகைத் தரையில் கிடக்கிற உடும்பால் அந்தக் கொழுப்பைச் செரிக்க முடியாது. கம்பிவலை மூடிய கண்ணாடித் தொட்டியில் ஈரமும் நிற்காது. உடம்பு மெல்ல மெல்ல வறண்டு, சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் உப்பு படியும். ஈரமான வளைக்குள் போய்ப் படுக்க முடிந்தாலே இதில் பாதி வராது. பெண் உடும்பாக இருந்தால் இன்னொன்று: தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டையை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டே செத்துப்போகும்.

ராஜன் அண்ணா, கோபப்படாமல் ஒன்று செய்யுங்கள். உங்கள் உடும்பு நடக்கும்போது தரையோடு கண்ணை வைத்துப் பாருங்கள். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா?

பொருநைக்கரையான்
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிறுவயதில், உடும்பின் கால்களை முதுகுக்குப் பின்னால் கட்டி உயிரோடு கறிக்கு விற்றதைப் பார்த்திருக்கிறேன். நாக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருக்கும். அதிலிருந்து உடும்பை யார் அடைத்து வைத்தாலும் எனக்குப் பொறுக்காது.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: நம் உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வளர்த்தாலும் 3 முதல் 7 ஆண்டு சிறை. ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள்.

நிலன், உங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வருகின்றன. காட்டில் முட்டையைத் தோண்டியும், சினையான பெண்ணைப் பிடித்தும்தான் அவற்றை எடுக்கிறார்கள். வீட்டில் இனப்பெருக்கம் செய்வது அவ்வளவு கடினம். விலை மலிவாக இருப்பதே அதனால்தான். ஒருவர் வாங்கினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். எப்படி வளர்ப்பது என்று பேசுவதைவிட, இனி வாங்காதீர்கள் என்று சொல்வதுதான் இங்கே முக்கியம்.

லெஸ்டர்_வானதி
நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. இனி ஒன்று நான் வாங்க மாட்டேன். ஆனால் நிலன் வீட்டில் ஏற்கனவே ஒரு உயிர் கிடக்கிறது. அதைத் திருப்பிக் காட்டில் விட முடியாது. அதற்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஹூஸ்டன்_ராஜன்
பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. திரும்பும்போது முன்னங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழுகிறது. இதை இத்தனை நாள் நல்ல உடம்பு என்றே நினைத்திருந்தேன். இந்த வாரம் மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். எலியை நிறுத்துகிறேன். எட்டடி விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. ஆறடியில் ஆழமாக மண் போட்டால் போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கூண்டுக்காரி
உடனே பட்டினி போடாதீர்கள் அண்ணா. கொழுத்த உடம்பு திடீரென்று பட்டினி கிடந்தால் ஈரல் இன்னும் கெடும். முதலில் சூட்டைக் கூட்டுங்கள், பூச்சிக்கு மெல்ல மாற்றுங்கள்.

ஸ்காபரோ_நிலன்
எல்லோருக்கும் நன்றி. எங்களுக்குப் பேஸ்மென்ட் இருக்கிறது, காங்கிரீட் தரை. அப்பாவிடம் கதைத்தேன். எட்டடிக்கு அவர் ஓம் சொல்லிவிட்டார், ஆனால் கோடையில்தான் மரவேலை செய்யலாம் என்கிறார். அதுவரை என்ன செய்வது?

லெஸ்டர்_வானதி
மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி பண்ணைக் கடைகளில் கிடைக்கும். குஞ்சுக்கு அதைவிடத் திறமான வீடு இல்லை. ஈரத்துக்கு உளுத்துப்போகாது. ஓரடிக்கு மேல் மண் போடுங்கள். உரம் கலக்காத தோட்ட மண்ணோடு மணல் சேர்த்து, கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உதிர வேண்டும். அந்தப் பதம் இருந்தால் வளை இடியாது. மேலே பலகை போட்டு மூடுங்கள், வலை வேண்டாம். பெரிய கூண்டு செய்யும்போது உள்பக்கம் முழுக்கக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பை ஒட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குத் தினமும் கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான் (தீனிக்கென்றே வளர்த்து விற்கும் கரப்பான்), சுண்ணாம்புத் தூளில் புரட்டி. பூச்சிகளுக்கு முதல் நாளே கீரையும் காரட்டும் போட்டு வையுங்கள். பூச்சிகளின் வயிற்றில் இருப்பதுதான் உடும்புக்குப் போகும். வளர்ந்த பிறகு வாரம் மூன்று நாலு நாள் போதும். நான் கொடுக்கிற ஆப்பிரிக்கப் பெரிய நத்தையைக் கனடாவில் வளர்க்கத் தடை, அதைத் தேடாதீர்கள். தோட்டத்து நத்தையும் வேண்டாம், நத்தை மருந்து தின்றிருக்கலாம்.

ஸ்காபரோ_நிலன்
சனிக்கிழமை தொட்டி வந்தது, அன்றே மண் போட்டேன். உடும்பை விட்டதும் இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு மூக்கை மண்ணில் நுழைத்து, நாக்கை நீட்டிப் பார்த்து, முன்னங்காலால் வாரி வாரிப் பின்னால் எறிந்தது. கண்ணாடிச் சுவரைத் தவிர வேறெதையும் அது கீறி நான் பார்த்ததே இல்லை. அரை மணியில் வால் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. இன்று மூன்றாவது நாள். வெளியே வரவில்லை. தோண்டிப் பார்க்கட்டா?

லெஸ்டர்_வானதி
தோண்டாதீர்கள். விளக்கை நேரத்துக்குப் போட்டு நேரத்துக்கு அணையுங்கள். வளை வாய்க்குப் பக்கத்தில் காலையில் நாலு பூச்சியை விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். மாலையில் வந்து எண்ணிப் பாருங்கள்.

ஸ்காபரோ_நிலன்
நாலு விட்டேன் அக்கா. ஒன்றுதான் மிச்சம்.