மூன்று கட்டை டார்ச்சில் ஹாலஜன்: எந்தப் பல்பு, எந்த ரிஃப்ளெக்டர்?

பேச்சிப்பாறைக்காரன்:

வணக்கம். எங்கள் ரப்பர் தோட்டம் பேச்சிப்பாறைப் பக்கம் மலைச்சரிவில் இருக்கிறது. விடியுமுன்னே பால்வெட்டுக்கு இறங்க வேண்டியிருப்பதால் காலடியில் பரவலான வெளிச்சமும், எதிர்ச்சரிவில் நட்டிருக்கும் மரச்சீனியில் (மரவள்ளியில்) பன்றி இறங்கியிருக்கிறதா என்று இங்கிருந்தே பார்ப்பதற்குத் தூரம் போகும் வெளிச்சமும் ஒரே டார்ச்சில் வேண்டும். இடைவெளி ஏறக்குறைய 150 மீட்டர். கையில் இருப்பது சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய மேக்லைட் டார்ச். மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போடுவது.

அதில் ஹாலஜன் பல்பு வைக்க நினைக்கிறேன். 6 வோல்ட் 30 வாட் போதுமா, அல்லது 12 வோல்ட் 100 வாட்டுக்கே போய்விடலாமா? ரிஃப்ளெக்டர், அதாவது பல்பைச் சுற்றி ஒளியை முன்னே திருப்பும் கிண்ணம், வழவழப்பானதாக இருக்க வேண்டுமா, ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளம் உள்ளதாகவா? நாகர்கோவிலில் வண்டிச் சாமான் கடையில் விசாரித்தபோது, வண்டி முகப்பு விளக்கின் எச்4 பல்பை இறக்கினால் போதும் என்றார்கள். எல்.இ.டி. டார்ச் வீட்டில் இருக்கிறது. இழை பல்பின் நிறத்துக்காகவே இந்த வேலையில் இறங்குகிறேன் என்பதால், பேச்சை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் ஒயர்மேன்:

தம்பி, வாட்டை விட்டுவிட்டு ரிஃப்ளெக்டரிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: இழையின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக எரிகிறது, ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம். 30 வாட் ஹாலஜன் இழையும் 100 வாட் ஹாலஜன் இழையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் எரிகின்றன. பின்னது அளவில் பெரியது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் டார்ச்சின் 50 மில்லிமீட்டர் தலையில் 100 வாட் பல்பைப் போட்டால் எதிர்ச்சரிவில் விழும் வட்டம் அகலமாகுமே தவிர, அதன் நடுப்பகுதி பெரிதாகப் பிரகாசமாகிவிடாது. தூரமே குறி என்றால் தலையை மாற்ற வேண்டும். வாய் 75 மில்லிமீட்டராக இருந்தால் நடுப் பிரகாசம் 2.25 மடங்காகும், எட்டும் தூரம் ஒன்றரை மடங்காகும்.

உங்கள் தேவைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸிலும், கற்றையின் நடுப் பிரகாசத்தைக் கேண்டெலாவிலும் அளப்பார்கள். முழுநிலவு வெளிச்சத்தின் அளவான 0.25 லக்ஸ் 150 மீட்டரில் விழ 5,625 கேண்டெலா போதும். பன்றியையும் புதரையும் பிரித்தறிய 1 லக்ஸ் வேண்டுமென்று வைத்தாலும் 22,500 கேண்டெலாதான். நல்ல அலுமினிய ரிஃப்ளெக்டரில் சரியாகக் குவியம் வைத்த 30 வாட் பல்பு அதை ஒட்டி வந்துவிடும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் மின்சாரம், அதில் பெரும்பகுதி வெப்பம். தோட்டத்தில் நாலு வரிசை நடப்பதற்குள் தலையைத் தொட முடியாது.

30 வாட்டிலும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரும் பிளாஸ்டிக் கண்ணாடியும் தாங்காது. அலுமினிய ரிஃப்ளெக்டர், வெப்பம் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி, பீங்கான் ஹோல்டர் ஆகிய மூன்றையும் வாங்கிவிட்டுப் பல்பை வாங்குங்கள். ரிஃப்ளெக்டரில் லேசான மேடுபள்ளம் உள்ளதையே சொல்வேன். முழு வழவழப்பு என்றால் இழையின் சுருள் உருவம் அப்படியே வட்டத்தில் கோடுகோடாகத் தெரியும். லேசான மேடுபள்ளம் கொஞ்சம் தூரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோடுகளை அழித்துத் தரும்.

கட்டை விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். லித்தியம் அயான் 18650 கட்டை இரண்டு போட்டால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், 6 வோல்ட் பல்பு சுவிட்சைப் போட்ட நொடியிலேயே பளிச்சென்று மின்னிப் போய்விடலாம். பாரம் ஏறி 7.2 வோல்ட்டுக்கு இறங்கினாலும், அது 20 சதவீதம் கூடுதல், ஒளி 1.8 மடங்குக்கு மேல் வரும், ஆயுள் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்குப் பதிலாக, சோலார் தெருவிளக்குகளில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் 32650 கட்டை இரண்டு எடுங்கள். விட்டம் 32 மில்லிமீட்டர் என்பதால் உங்கள் குழாயில் இறங்கும். மீதி நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு வைத்தால் போதும். 6.4 வோல்ட்டில் ஒளி கால் பங்கு கூடும், ஆயுள் பாதியாகும். அந்தப் பேரம் எனக்குச் சம்மதம். 5 ஆம்பியர் ஓடும் பாதையில் ஸ்பிரிங், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் போய்விடும், வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எனவே அடி ஸ்பிரிங்குக்குக் குறுக்கே தடித்த செம்பு ஒயரைப் பற்றவையுங்கள்.

குளச்சல் வள்ளக்காரன்:

எச்4 பல்பைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. அதன் அடித்தட்டே 43 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டரில் அதை வைத்தால் ஒளியைத் திருப்ப மிச்சம் என்ன இருக்கிறது? போதாததற்கு, அதன் டிம் இழைக்குக் கீழே ஒரு உலோகத் தகடு இருக்கிறது. எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க ரிஃப்ளெக்டரின் பாதியை மறைப்பதுதான் அதன் வேலை. வண்டி விளக்கு வண்டிக்கே.

ஒயர்மேன் அண்ணாச்சி சொன்ன மேடுபள்ளத்தில் எனக்கு உடன்பாடில்லை. மலையில் ஆனி ஆடிச் சாரல் மூடும்போது, கண்ணுக்கு அருகில் சிதறும் வெளிச்சம்தான் பார்வையை மறைக்கிறது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று எங்கள் துறையிலும் சொல்வார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். உதவுவது நிறமல்ல, ஒளிக்கற்றையின் வடிவம். ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டரை எடுங்கள். வாய் அகலம் ஒன்றாக இருந்தாலும் ஆழமானதில் பக்கவாட்டில் சிதறுவது குறுகலாக இருக்கும். டார்ச்சை இடுப்புக்கு அருகில் பிடியுங்கள். காலடிக்குத் தலையில் மாட்டும் சிறிய விளக்கு தனியாக இருக்கட்டும்.

இன்னொன்று: ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. உப்புக்காற்றுப் படிந்த ரிஃப்ளெக்டரை வேட்டி முனையால் ஒருமுறை தேய்த்தால், ஆயுளுக்கும் போகாத கீறல்.

பேச்சிப்பாறைக்காரன்:

இருவருக்கும் நன்றி. இரண்டு வேலையையும் ஒரு டார்ச்சிலேயே முடிக்க விரும்புவதால், லேசான மேடுபள்ளம் உள்ளதையே வாங்கப் போகிறேன். சாரல் காலத்தில் தலைவிளக்கு யோசனையையும் பார்க்கிறேன். பல்பின் உயரம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்த்தாண்டம் ஒயர்மேன்:

பல்பை விரலால் தொடாமல் காகிதத்தைச் சுற்றிப் பிடித்து ஹோல்டரில் ஏற்றுங்கள். பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி மீது படியும் விரல் எண்ணெய் சூட்டில் வெந்து அந்த இடத்தில் விரிசல் விடும். பிறகு பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் அடித்தபடி தலையைத் திருகுங்கள். வட்டத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் இழை குவியத்தில் இல்லை என்று பொருள். திருகி முடித்தும் பொட்டு போகாவிட்டால் பல்பை அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள். பொட்டு பெரிதானால் எதிர்ப்பக்கம், அதாவது உள்ளே தள்ள வேண்டும். ஹோல்டருக்கு அடியில் மைக்கா துண்டை வைத்தோ எடுத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு முறையும் பல்பு ஆறிய பிறகே கை வையுங்கள்.