பி0401 வந்தாலே ஈ.ஜி.ஆர். வால்வை மாற்ற வேண்டுமா?

வெளியே போகும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவதுதான் ஈ.ஜி.ஆர். வால்வு. அதைப் பற்றி வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு கோடு பி0401. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: திரும்பி வர வேண்டிய புகை போதவில்லை. வால்வு நன்றாக இருந்து, மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) போகும் வழி கரியால் அடைத்திருந்தாலும் இதே கோடுதான் வரும். வேக்கத்தால் (உறிஞ்சும் விசையால்) திறக்கும் வால்வு உள்ள பழைய பெட்ரோல் வண்டியில் எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) விட்டு, கை வேக்கம் பம்ப்பால் வால்வைத் திறந்து பாருங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், சில நேரம் நின்றே போகும். வால்வு தண்டு நகர்ந்தும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அடைப்பு வழியில்தான். பம்ப்பில் ஏற்றிய வேக்கம் நிற்காமல் இறங்கினால் டயஃப்ரம் (வால்வை இழுக்கும் சவ்வு) கிழிசல். (பேக் பிரஷரால், அதாவது புகையின் எதிர் அழுத்தத்தால் இயங்கும் வகைக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது.)

---

அந்தச் சோதனையில் எஞ்சின் ஐடிலில் தடுமாறுவதற்குக் காரணம், பெட்ரோல் எஞ்சினில் அப்போது வால்வு மூடியிருக்க வேண்டும் என்பதுதான். ஓரளவு லோடில் ஓடும்போதே புகை உள்ளே வரும். அது ஆக்சிஜன் விகிதத்தைக் குறைத்து எரியும் வெப்பத்தைத் தணிக்கும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். முழு ஆக்சிலரேட்டரில் மறுபடி மூடிவிடும். மூடியே சிக்கினால் ஓட்டத்தில் நாக்கிங் (எஞ்சினில் தட்டும் சத்தம்) கேட்கலாம். திறந்தே சிக்கினால் ஐடில் நிற்காது.

---

டீசல் கதை வேறு. ஐடிலிலும் வால்வு திறக்கும், புகைக்கரியும் அதிகம். கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதி) வரும் எண்ணெய் ஆவி அந்தக் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடாகுமுன்பே நிறுத்தப்படும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். திறந்தே சிக்கினால் இழுவை குறைந்து கரும்புகை வரும், டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சீக்கிரம் நிரம்பும். ஸ்கேனரில் வால்வை மூடச் சொல்லியும் ஏர்ஃப்ளோ அளவு ஏறவில்லையா? வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம், ஆனால் ஏர்ஃப்ளோ சென்சாரையும் டர்போ ஹோஸ்களையும் பார்த்த பிறகு. கூலன்ட் குறைகிறது, வெளியே சொட்டு இல்லை, வெள்ளைப்புகை வருகிறது என்றால் திரும்பி வரும் புகையைக் கூலன்டால் ஆற்றும் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே கசிகிறதா என்று பாருங்கள்.

---

சுத்தம் செய்யும்போது கெடுப்பவர்களே அதிகம். எஞ்சின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கிளீனரை வால்வு வாயில் மட்டும் அடித்து நைலான் பிரஷால் தேயுங்கள். எலக்ட்ரிக் வால்வில் மோட்டார் பக்கம் நனைந்தால் மின்பகுதி போய்விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே பல் சக்கரம் உடையும். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குக் கரி இருந்தாலும் முழுதாக மூடாது. கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். பல எலக்ட்ரிக் வால்வுகளுக்கு மாட்டியபின் ஸ்கேனரில் அடாப்டேஷன் (வால்வின் நிலையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) தேவை, அதைச் செய்யாமல் விட்டால் வால்வின் பொசிஷன் (நிலை) சரியில்லை என்ற கோடு திரும்ப வரலாம்.

---

ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பது தீர்வல்ல. புகை ஓட்டத்தைக் கண்காணிக்கும் வண்டியில் அதே பி0401 திரும்பி வந்து நிற்கும்.