புதுப்பிப்பு: லென்ஸோடு தூங்கி எழுந்தால் ஒரு கண் மட்டும் சிவக்கிறது

மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: தொடர்ந்து 30 நாள் வரை போடலாம் என்ற சிலிகோன் ஹைட்ரோஜெல் (மென்மையான கான்டாக்ட்) லென்ஸோடு தூங்கி எழுந்தால் இடது கண் சிவக்கிறது, சொட்டு மருந்து விட்டுச் சமாளிக்கலாமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. 'சொட்டு மருந்தெல்லாம் அப்புறம். முதலில் கழற்றுங்கள், கழற்றியதை எறியாமல் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு நீல ஒளியில் பார்த்தார்கள். கருவிழியின் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. வலியே இல்லை, கண்ணாடியில் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை! தொற்று இல்லை, அழற்சிதான் என்றார்கள். ஆனாலும் ஆன்டிபயாடிக் சொட்டும் இரண்டு வாரம் லென்ஸுக்குத் தடையும். இப்போது புள்ளி மறைந்துவிட்டது.

நான் எதிர்பாராதது ஒன்று. இந்த வகை லென்ஸில் ஆக்சிஜன் தாராளமாகப் புகும், அதனால் பயமில்லை என்று நம்பியிருந்தேன். ஆக்சிஜன் புகுவது உண்மை, கருவிழி வீக்கமும் குறைவு. தொற்று அபாயம் மட்டும் குறையவில்லையாம். தூக்கத்தில் இமை கொட்டுவதில்லை, லென்ஸுக்கு அடியில் கண்ணீர் மாறுவதில்லை, கசடும் கிருமியும் அங்கேயே தங்கிவிடும். 30 நாள் என்பதும் உச்சவரம்புதான், எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது.

இப்போது பகலில் போட்டு, தூங்குமுன் கழற்றி எறிந்துவிடும் தினசரி லென்ஸுக்கு மாறிவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் கழற்றுவது எரிச்சல்தான், சரி.