உள்ளுறை மானியம்: கணக்கில் வராத அரசு உதவிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சப்சிடி என்பதற்கு, வழக்கில் உள்ள ‘மானியம்’ வேண்டாம், ‘உதவித்தொகை’ என்று எழுதலாம் என இந்த இழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. உதவித்தொகை என்றாலே முதியோருக்கும் மாணவருக்கும் கையில் கிடைக்கும் பணம்தான் நினைவுக்கு வரும். மானியம் பல நேரம் பயனாளியின் கைக்கு வருவதே இல்லை. யூரியாவைப் பாருங்கள். மூட்டையில் அச்சிட்ட விலை, ஆலைக்கு ஆகும் தயாரிப்புச் செலவைவிட மிகக் குறைவு. நடுவில் விழும் துண்டை அரசு ஆலைக்குக் கொடுத்து ஈடுகட்டுகிறது. விவசாயி குறைந்த விலையைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார். மானியப் பணம் அவர் கை வழியாகப் போகவே இல்லை.

நாடுகள் தங்கள் பொருளாதாரத்தைக் கணக்கிடுவதற்காக ஐ.நா. முதலான அமைப்புகள் வெளியிட்ட 2008 தேசியக் கணக்கு முறையும் இப்படித்தான் பிரிக்கிறது. உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்குப் போவது மானியம். குடும்பங்களுக்கு நேரே போவது சமூகப் பயன் என்ற வேறு தலைப்பின் கீழ் வரும். அன்றாடப் பேச்சு அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. வங்கிக் கணக்கில் விழும் எரிவாயுப் பணத்தையும் மக்கள் மானியம் என்றே சொல்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும்.

‘சலுகை’யும் சரிப்படாது. கடைக்காரர் தருவதும் சலுகைதான்.

ஆக, மானியத்தைத் தொட வேண்டாம். உண்மையான சிக்கல் வேறு: கிராண்ட் என்பதற்கும் நாம் மானியம் என்றே எழுதுகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு, சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கை இரண்டிலும் பேசப்படுவது நிதி ஒதுக்கீடு, விலைக் குறைப்பு அல்ல. நிலைத்துவிட்ட இந்தப் பெயர்களை இனி மாற்ற முடியாது. புதிதாக எழுதும்போதாவது கிராண்டுக்கு ‘நல்கை’யைப் பயன்படுத்தலாம். கல்வித்துறையில் ஏற்கெனவே சிலர் எழுதும் சொல்தான்.

மானியம் என்ற சொல்லின் பழைய பொருளும் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தவர்களுக்கும் வரியைத் தள்ளியோ குறைத்தோ விட்ட நிலம் மானிய நிலம். கல்வெட்டுகளில் வரும் இறையிலியும் வரி நீக்கிய நிலம்தான். அரசு காசை எடுத்துக் கொடுக்கவில்லை, வர வேண்டியதை வாங்காமல் விட்டது. உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தபோது, வர வேண்டிய வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதையும் மானியமாகவே வரையறுத்தது. எனவே ஒரு தொழிலுக்கு மட்டும் தரும் வரிவிலக்கை மானியம் என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. நான் அதை ‘மறைமுக மானியம்’ என்றே எழுதுகிறேன்.

அப்புறம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சொல் தேவைப்படுவது அதற்குத்தான். இதில் அரசு பணமும் கொடுப்பதில்லை, வரியையும் தள்ளுவதில்லை. பழுப்பு நிலக்கரியை எரிக்கும் ஆலையின் புகையால் நோய் வருகிறது. அந்தச் செலவு கரியின் விலையில் ஏறுவதில்லை, மூச்சுத் திணறுகிறவர் தலையில் விழுகிறது. பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீட்டில், 2022-இல் உலகெங்கும் புதைபடிவ எரிபொருள்களுக்குக் கிடைத்த மொத்த மானியம் சுமார் 7 லட்சம் கோடி டாலர். அதில் அரசுகள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட செலவு சுமார் 1.3 லட்சம் கோடிதான். மீதியில் பெரும்பகுதி, காற்று மாசும் புவி வெப்பமும் உண்டாக்கும் சேதத்தை விலையில் சேர்க்காததால் வருவது.

இதையும் மறைமுக மானியம் என்று எழுதினால் வரிவிலக்கோடு குழம்பிவிடும். ‘மறைவு மானியம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரோ வேண்டுமென்றே ஒளித்துவைத்தது போல அது ஒலிக்கிறது. என் பரிந்துரை ‘உள்ளுறை மானியம்’. சங்கப் பாடல்களின் உள்ளுறை உவமத்தில் ஒப்புமை வெளியே சொல்லப்படாது, ஆனால் பாட்டுக்குள்ளேயே இருக்கும். இங்கேயும் பற்றுச்சீட்டு இல்லை, ஒதுக்கீடு இல்லை, விலைக்குள்ளேயே உதவி உறைந்திருக்கிறது. அரசு உத்தரவாதத்தின் பேரில் ஒரு நிறுவனம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும். அது கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தால் கருவூலத்திலிருந்து ஒரு காசுகூடப் போயிருக்காது. ஆனாலும் அந்த வட்டி வித்தியாசம் அதற்குக் கிடைத்த ஆதாயம்தான்.

நேரடி மானியத்தை நிதிநிலை அறிக்கையில் எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் சண்டையெல்லாம் அதைச் சுற்றியே நடக்கிறது. ஏழைக்குப் போகும் அரிசியும் எரிவாயுவும் மட்டும் ‘மானியச் சுமை’ என்று பேர் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. மற்றதற்கும் பெயர் இருந்தால்தான் அதையும் சேர்த்துக் கேள்வி கேட்க முடியும்.

குறுக்கு மானியம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு மின்கட்டணத்தைக் கூட்டி வீட்டுக்குக் குறைப்பது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. மானியம் பெற்று மலிவாக வந்திறங்கும் பொருள் மீது, இறக்குமதி செய்யும் நாடு அந்த மானிய அளவுக்கு மிகாமல் போடும் வரி. ‘எதிர்வரி’ என்பதைவிட ‘ஈடுகட்டு வரி’ பொருத்தம் என்று நினைக்கிறேன், பழிவாங்கும் தொனி இருக்காது. சுங்கத்துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே வாய்ப்பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.