பொண்ணுக்கு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கின கதை – உங்க அனுபவத்தையும் போடுங்க

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இத்தனை நாளா மத்தவங்க எழுதறத படிச்சிட்டு சத்தமில்லாம போயிட்டிருந்தேன், இப்ப நமக்கும் ஒரு கதை சேர்ந்திருச்சு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

பாப்பாவுக்கு மார்ச்ல 18 முடிஞ்சுது, அந்த வாரமே எல்எல்ஆர் போட்டாச்சு, 30 நாள் கழிச்சு டெஸ்ட் போய் மே மாசம் லைசென்சும் வந்திருச்சு. காலேஜ் வீட்ல இருந்து 23 கிலோமீட்டர். லாரி ஓடற ரோட்டுல ஸ்கூட்டில அனுப்ப மாட்டேன்னு வீட்ல ஒத்தக்கால்ல நின்னுட்டாங்க. புதுக்கார் வாங்கற வசதியும் இல்ல, அப்படியே இருந்தாலும் புதுசா ஓட்டற புள்ளைக்கு புது வண்டி எதுக்கு, எப்படியும் நாலு இடத்துல உரசத்தான் போகுது. சரி பழசு பாக்கலாம், பட்ஜெட் மூணு லட்சம், மிஞ்சிப்போனா மூணே முக்கால்னு முடிவு பண்ணி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளம்பினோம்.

மொதல்ல ஒரு கன்சல்டிங், அதாங்க பழைய கார் வாங்கி விக்கற கடை. 2014 மாடல் சின்ன கார், சிங்கிள் ஓனர், மீட்டர் 31,000. "லேடி டாக்டர் ஓட்டுன வண்டி சார், வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு"ன்னார். இந்த ஊர்ல டாக்டருங்க எல்லாம் வைத்தியம் பாக்கறாங்களா இல்ல வருஷா வருஷம் கார் விக்கறாங்களான்னு தெரியல, அடுத்து போன நாலு கடைலயும் எனக்கு காட்டுனது டாக்டர் வண்டிதான். ஆனா வண்டி பளபளன்னு இருந்துச்சு, சீட் கவர் புதுசு, உள்ள மல்லிகை வாசம். நான் அங்கயே அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்திருப்பேன், பாப்பாதான் "அப்பா, மெக்கானிக் அண்ணாவ கூட்டிட்டு வந்து காட்டிட்டு குடுக்கலாம்"னா.

நம்ம மெக்கானிக் பத்து வருஷமா பழக்கம். ஒரு தடவை வந்து பாக்க ஆயிரம் ரூபா, அதுல ஒரு பைசா குறைக்க மாட்டான். வந்தவன் பானெட்ட தொறக்கவே இல்ல. டிரைவர் கதவ தொறந்து குனிஞ்சு பெடல பாத்தான். "அண்ணா, மீட்டர ஆரு வேணா திருப்பிக்கலாம், இதப் பாருங்க"ன்னான். பிரேக் பெடல் ரப்பர்ல இருக்கற வரி எல்லாம் வலது ஓரத்துல சுத்தமா தேஞ்சு, தேங்கா ஓட்ட தேச்சு வெச்ச மாதிரி வழவழன்னு இருக்கு, பக்கத்துல கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் கடைல இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி கறுப்பா இருக்கு. 31,000 ஓடுன வண்டிக்கு எதுக்கு ஒரு ரப்பர் மட்டும் மாத்தணும்? அடுத்து டயர். டயர் பக்கவாட்டுல கடைசியா நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நாலு டயரும் 1122, அதாவது 2022ல 11வது வாரம் செஞ்சது. டிக்கில இருக்கற ஸ்டெப்னி மட்டும் 2014ல வந்தது, அதுவும் மொட்டை. 31,000 கிலோமீட்டருக்குள்ள நாலு டயரும் தேஞ்சு ஸ்டெப்னியும் மொட்டை ஆகணும்னா அந்த டாக்டரம்மா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல காஷ்மீர் இருக்கணும்.

அடுத்த நாள் அந்த கம்பெனி சர்வீஸ் சென்டர்ல தெரிஞ்ச பையன்கிட்ட வண்டி நம்பர குடுத்தோம், 2021லயே 94,000ல சர்வீஸ் பண்ணிருக்குன்னு வந்துச்சு. கன்சல்டிங்காரர்கிட்ட கேட்டா "அப்படிங்களா சார், எங்களுக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு முடிச்சிட்டார். சண்டை போடல, வந்துட்டோம்.

ரெண்டாவது வண்டி இருக்கே, அத நெனச்சா இப்பவும் வீட்ல சிரிப்பாங்க. வெள்ளை செடான், 2017, டீசல், விலை ரொம்ப சல்லிசு, ஆளும் தன்மையா பேசினார். மெக்கானிக் அன்னைக்கு ஊர்ல இல்ல, சரி ஓட்டியாவது பாக்கலாம்னு நீலாம்பூர் தாண்டி சேலம் பைபாஸ்ல எடுத்துட்டு போனேன். எண்பது வரைக்கும் நல்லா போகுது, அதுக்கு மேல எவ்ளோ மிதிச்சாலும் அப்படியே நிக்குது. பின்னாடி சீட்ல வீட்டம்மா, "ஏனுங்க, இது நல்ல வண்டிங்க, 80க்கு மேல போகவே மாட்டேங்குது, புள்ளைக்கு இதுதான் சரி"ன்னு ஒரே சந்தோஷம், எனக்கும் அது தெய்வச் செயலாத்தான் தெரிஞ்சுது. சாயங்காலம் மெக்கானிக்குக்கு போன் பண்ணி பெருமையா சொல்றேன், அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றான், "அண்ணா, அது டி போர்டு வண்டி, டாக்சியா ஓடுனது. ஓன் போர்டா, சொந்த வண்டியா மாத்திருக்காங்க, வேகத்த கட்டுப்படுத்தற ஸ்பீடு கவர்னர கழட்ட மறந்துட்டாங்க." டாக்சிக்கு 80ல கவர்னர் வெக்கணும்னு ரூல் இருக்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம்தான் ஆர்சி காப்பிய நிதானமா பாத்தேன், நம்பர் பிளேட் ஸ்குரூ ஓரத்துல டாக்சி பிளேட்டோட மஞ்சளும் கண்ணுல பட்டுது. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடுச்சோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மீட்டர்ல 68,000.

இதுக்கு நடுவுல பாப்பா ஒரு நாள் நைட்டு போன எடுத்துட்டு வந்து உக்காந்தா. 2014ல குளோபல் என்கேப்ங்கற கார் பாதுகாப்பு சோதனை அமைப்பு நம்ம ஊர் கார்கள மோதி பாத்த வீடியோ. போலோல ஏர்பேக் இல்லாத மாடலுக்கு பூஜ்யம் ஸ்டார், அதே கார்ல ரெண்டு ஏர்பேக் வெச்சதுக்கு நாலு ஸ்டார். "அப்பா, எனக்கு டச் ஸ்கிரீன் வேணாம், அலாய் வேணாம், இது மட்டும் வேணும்"னா. அதுவரைக்கும் நான் மைலேஜும் ஏசியும்தான் பாத்துட்டு இருந்தேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. டிரைவர் ஏர்பேக் எல்லா புது கார்லயும் கட்டாயம்னு வந்ததே 2019 ஜூலைல, பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் அதே வருஷம் ஏப்ரல்ல. அதனால ஒண்ணு அதுக்கு அப்புறம் வந்த வண்டியா இருக்கணும், இல்ல முன்னாடி வண்டின்னா டாப் மாடலா இருக்கணும்னு கணக்கு மாறிடுச்சு. இதுல மெக்கானிக் சொல்லிக்குடுத்த ஒண்ணு: சாவி திருப்பினதும் டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு எரிஞ்சு கொஞ்ச நேரத்துல அணையணும். அணையலன்னா கோளாறு. எரியவே இல்லன்னா அதவிட மோசம், ஏர்பேக் வெடிச்சு போனதுக்கு அப்புறம் லைட்ட புடுங்கி விட்டிருக்கலாம்.

கடைசில கெடச்சது மெக்கானிக் வழியாவே. பொள்ளாச்சில ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 2019 டியாகோ பெட்ரோல், ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், 47,000 கிலோமீட்டர். கண்ணுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. இடது பக்கம் ரெண்டு கோடு, பின் பம்பர்ல ஒரு நசுங்கல். அவரே சொல்லிட்டார், "தென்னந்தோப்புல ரிவர்ஸ் எடுக்கறப்ப ஆனது தம்பி, மாத்தி பெயின்ட் அடிக்கல, அடிச்சா வேற எங்கயோ மோதுனத மறைச்சேன்னு நெனப்பாங்க"ன்னு. சர்வீஸ் பில் அத்தனையும் பஞ்ச் போட்டு நூல் கட்டி ஃபைல்ல வெச்சிருந்தார், வைப்பர் பிளேடு மாத்துன பில்லு வரைக்கும். காலைல ஏழு மணிக்கு வரேன், வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு முன்னாடியே மெக்கானிக் சொல்லிட்டான், இன்ஜின் சூடா இருந்தா கெட்டது தெரியாதாம். குளுந்த இன்ஜின் ஒரே அடில ஸ்டார்ட் ஆச்சு, ஆயில் மூடி கழட்டி பாத்தான், புகை தள்ளல. மூணு அறுபதுக்கு முடிஞ்சுது.

பேப்பர்ல மட்டும் ஒரு மாசம் இழுத்துச்சு. அவர் லோன் கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா ஆர்சில ஹெச்பி, அதாவது வண்டி மேல லோன் இருக்குங்கற பதிவு, கேன்சல் பண்ணவே இல்ல, லோன் முடிஞ்சுதுன்னு பேங்க் குடுத்த என்ஓசிய பீரோல வெச்சு பூட்டிட்டார். அது மூணு மாசம்தான் செல்லுமாம். திரும்ப பேங்க்ல வாங்கி, அந்த பதிவ நீக்க ஃபார்ம் 35 போட்டு, அப்புறம் பேர் மாத்த 29, 30. இன்சூரன்சும் நம்ம பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும், கிளைம் பண்ணாததுக்கு அவருக்கு கெடச்ச தள்ளுபடி, நோ கிளைம் போனஸ், நமக்கு வராது, அந்த வித்தியாச காச நாமதான் கட்டணும். இத யாரும் முன்னாடி சொல்லல, பட்ஜெட்ல அப்படி ஒரு ஓட்டை.

உங்க கதைகள போடுங்க. குறிப்பா மீட்டர் திருப்புனவங்க கதை.

வேளச்சேரி வாசி:

டாக்டர் வண்டி சிரிச்சு முடியல சார். நம்ம கதை தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் தம்பி காலேஜ் சேர்ந்தான், அவனுக்கு ஒரு ஹேட்ச்பேக் பாத்தோம். எல்லாம் ஓகே, ஆனா கண்ணாடி ஏத்திட்டு ஏசி போட்டா ஏதோ ஈர கோணி வாசனை. கூட வந்த மாமா டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு இழுன்னு இழுத்தார். மேல பாதி சாம்பல் கலர், கீழ சுருட்டி உள்ள இருந்த பாதி டீ டிகாஷன் கலர்ல ஒரு கோடு போட்ட மாதிரி. அந்த பெல்ட்ட மட்டும் யாரும் கழுவ மாட்டாங்களாம். சீட்ட முன்னாடி தள்ளி பாத்தா ரெயில் முழுக்க துரு, ஸ்டெப்னி எடுத்தா அடியில காஞ்ச சேறு. 2023 டிசம்பர்லயும் எங்க ஏரியால எத்தனை கார் மிதந்துச்சுன்னு பாத்தவன் நான், அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க, சென்னை நம்பர் வண்டி மத்த ஊர்ல சல்லிசா கெடச்சா பெல்ட்ட இழுத்து பாருங்க.

நெல்லை அண்ணாச்சி:

ஏ, எல்லாரும் 18 முடிஞ்சு வாங்குதீங்க, எங்க தெருவுல ஒருத்தரு 17 வயசு பையனுக்கு வாங்கி சாவியையும் குடுத்துட்டாரு. நான் சொன்னேன், அண்ணாச்சி, 2019ல மோட்டார் வாகன சட்டத்தை மாத்திட்டான், பிரிவு 199ஏ, பையன் ஓட்டி மாட்டுனா உமக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ஃபைன், வண்டி ஆர்சி ஒரு வருஷம் கேன்சல், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்சே கிடையாதுன்னு. "நம்ம ஊருக்குள்ளதான ஓட்டுதான்"னாரு. ஊருக்குள்ளன்னா சட்டம் லீவா வே? இப்ப அவரு வீட்டம்மா சாவிய அரிசி டிரம்முக்குள்ள போட்டு வச்சிருக்காளாம். நல்ல பொம்பள.

ஸ்கார்பரோ தம்பு:

நான் கனடா ஒன்டாரியோவில இருந்து எழுதிறன், இஞ்ச கதை வேற மாதிரி. மகனுக்கு 17 வயசில தனிய ஓடக்கூடிய ஜி2 லைசென்ஸ் கிடைச்சிட்டுது, இஞ்ச 16இலயே ஓடப் பழகிற ஜி1 எடுக்கலாம். ஒரு 2011 கொரோலா பார்த்தனாங்கள், 6,500 டொலர், மேல பார்த்தா ஒரு குறையும் இல்லை. இஞ்ச சனியன் பனிக்காலத்தில ரோட்டில போடுற உப்புத்தான், காரை அடியில இருந்து தின்னும். கீழ முழுக்க புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தவங்கள். மச்சான் ஸ்குரூ டிரைவரால மெல்லக் குத்தினவர், அது பாணுக்க (பிரெட்டுக்க) போற மாதிரி உள்ள போட்டுது. விக்கிறவர் முகத்தைப் பார்க்கேலாது, பேசாமல் வந்திட்டம்.

பிறகு வேற ஒண்டு எடுத்தம், அதுக்கு சேஃப்டி சேர்டிஃபிகேட் 36 நாள்தான் செல்லும், அதுக்குள்ள ஓடித்திரியவேணும். விலையைக் குறைச்சு எழுதினா வரி மிஞ்சும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, அரசாங்கம் பார்க்கிற விலைப் புத்தகத்தில இருக்கிற விலை கூட எண்டா அதுக்குத்தான் 13 வீதம். இன்சூரன்ஸ் சொல்லிப் பிரயோசனமில்லை, மகன்ர பேரில தனியக் கேட்டா வருசக்காசு காரின்ர விலைக்குக் கிட்ட வருது. என்ர பொலிசியில அவனையும் சேர்த்துப் போட்டாச்சு. பெடியன் இப்ப நான் ஓடேக்க "அப்பா, ஸ்டாப் சைன்ல முழுசா நிக்கேல்லை" எண்டு எனக்குப் படிப்பிக்கிறான்.

ஈரோடு ராசா:

நான் வித்தவன் கதை. காலேஜ் பையனுக்குன்னு ஒருத்தர் வாங்கிட்டு போனார், நல்ல மனுசன்தான், "நாளைக்கே நேம் டிரான்ஸ்பர் பண்ணிடறேன்"னார். அந்த நாளை எட்டு மாசம் வரல. எனக்கு வந்தது ஊட்டி ரோட்டுல ஓவர் ஸ்பீடுன்னு ஃபைன், ஃபோட்டோவோட. நான் ஊட்டி போயி அஞ்சு வருஷம் ஆச்சு. நல்லவேளை டெலிவரி நோட்டுல தேதி, மணி, அவர் கையெழுத்து, ஆதார் காப்பி எல்லாம் வாங்கி வெச்சிருந்தேன். விக்கறவங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க, பசங்க ஓட்டறது.

சிங்காநல்லூர்க்காரன்:

ராசா அண்ணா, நீங்க சொன்னதும் எங்க வாத்தியார் ஏன் மணி நிமிஷம் வரைக்கும் எழுதி வாங்குனார்னு இப்பத்தான் புரியுது, காலைல 10.40ன்னு போட்டார். தம்பு அண்ணா, பாணுக்க போற மாதிரின்னது படிச்சதும் ஓடிப்போய் நம்ம வண்டி அடிய ஒரு தடவை பாத்துட்டு வந்தேன், நம்ம ஊர்ல ஏது உப்பு.

ஒரு அப்டேட்டு. நேத்து சாயங்காலம் பாப்பா வீட்டு கேட்டுல உள்ள திருப்பறப்ப தூண்ல உரசிட்டா, வாத்தியார் போட்ட ரெண்டு கோட்டுக்கு கீழ இப்ப மூணாவது. இறங்கி வந்து அழுவாளோன்னு பாத்தேன், விரல வெச்சு தடவி பாத்துட்டு "அப்பா, ஏற்கனவே இருந்த மாதிரியே இருக்கு"ங்கறா. மெக்கானிக்குக்கு ஃபோட்டோ அனுப்பினேன். "டிங்கர் வேலை இப்ப வேணாங்ண்ணா, ஒரு ஆறு மாசம் போகட்டும், மொத்தமா பண்ணிக்கலாம்"னு பதில் வந்துச்சு.